திருத்தலும் திரித்தலும்

திருத்துதல், திரித்தல் என்னும் இரு சொற்களும் ஓசையால் மிக நெருங்கியவை. பொருளால் மிக விலகியவை. முள்ளும் கல்லுமாய்க் கிடந்த நிலத்தை வெட்டிப் பண்படுத்தும் உழவன் அதனைத் திருத்துகின்றான். மாணவன் எழுதிய கட்டுரையில் பிழை களையும் ஆசிரியர் அதனைத் திருத்துகின்றார். ஒருவன் சொன்ன சொல்லை மற்றொருவன் வேறு பொருள்படுமாறு மாற்றி ஊரார்முன் உரைப்பானாயின், அவன் அதனைத் திரித்துவிட்டான் என்பர். கெட்டுப்போன பாலையும் திரிந்தது என்றே வழங்குவர். நிலத்திற்கும் ஏட்டிற்கும் சொல்லுக்கும் உரியனவாய் இருந்த இவ்விரு சொற்களும் இந்நாளில் படத்திற்கும் உரியனவாகிவிட்டன.

முன்னாளில் படம் பிடிக்கும் கருவி உடையார் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருந்தனர். குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள விரும்பினோர் நல்லாடை உடுத்து, நகரத்துப் புகைப்பட நிலையத்திற்குச் சென்று, மூச்சை அடக்கி நின்று திரும்பினர். முகத்துத் தழும்பை மறைத்தற்பொருட்டு நிலையத்தார் நெகடிவின்மீது கூரிய பென்சிலால் நுண்ணிய கோடுகள் இடுவர். டச்சிங் என வழங்கிய அவ்வேலை கைதேர்ந்த சிலர்க்கே உரியதாக இருந்தது. இன்றோ, கைபேசி உடையார் எல்லாரும் படம் பிடிப்போர். படம் பிடிப்போர் எல்லாரும் படத்தை மாற்றுவோர். விரல் ஒன்றால் நிறம் கூட்டலாம், பின்னணியை நீக்கலாம், அருகில் நின்றவரை அகற்றலாம். அகற்றியது தவறா, தவறன்றா என்று எண்ணுதற்குள் அப்படம் நூறு பேர் கைக்குச் சென்று சேர்ந்துவிடுகின்றது.

இந்நிலையில், படங்களைத் திருத்தும் பயிற்சியைப் பள்ளியிலேயே, வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண்முன்னரே மாணவர்க்கு அளித்தல் வேண்டும். அதற்குரிய கருவியும் கட்டற்ற மென்பொருளாகவே இருத்தல் வேண்டும். பயிற்சி வேண்டும் என்பதனைப் பலரும் ஒப்புவர். கருவி எதுவாயினும் ஆகுக என்று சிலர் கருதுவர். அஃது அத்துணை எளிதிற் தள்ளத்தக்க செய்தி அன்று.

கிம்ப் என்பது படங்களைத் திருத்துதற்கு அமைந்த ஒரு மென்பொருள். அது தோன்றிய வரலாறு மாணவர் அறியத்தக்கது. அமெரிக்க நாட்டில் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணவர் இருவர், தம் வகுப்பிற்குரிய பணி ஒன்றனை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு 1995ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதற்பதிப்பு பொதுமக்கட்கு வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே லாரி யூயிங் என்பார் லினக்ஸ் இயங்குதளத்தின் அடையாளமாகிய பென்குவின் பறவையை இக்கருவி கொண்டு தீட்டினார். கொழுத்த வயிறும் மஞ்சள் அலகும் உடைய அப்பறவையை இன்று உலகெங்கும் கணினி பயில்வோர் அறிவர். படைத்த இருவரும் படிப்பு முடிந்து வேலை தேடிச் சென்ற காலத்து, இக்கருவி கேட்பாரற்றுப் போயிருத்தல் கூடும். அவ்வாறு போகவில்லை. முன்பின் அறியாத பிறர் அதன் நிரலை எடுத்துக்கொண்டு மேலும் வளர்த்தனர். இரண்டாம் பெரும்பதிப்பு 2004ஆம் ஆண்டிலும், மூன்றாம் பெரும்பதிப்பு 2025ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் பெயர்த்து உதவினோரும் உளர்.

முன்பின் அறியாதார் எடுத்து வளர்த்தல் எவ்வாறு இயன்றது? இதற்கு விடை, கட்டற்ற என்னும் சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் ஃப்ரீ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும். அதனால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இம்மென்பொருளைப்பற்றிப் பேசுந்தோறும் விளக்கம் கூறவேண்டியவர் ஆயினர். தமிழர்க்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் என்பது வேறு. கட்டற்றது என்பது வேறு. கடைக்காரர் விலையின்றித் தரும் பையை வாங்குவோன் அதனை மறுத்துத் தைத்து விற்றல் குற்றமாகாது. ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் பலவற்றைத் திறந்து பார்த்தலும் கூடாது, பிறர்க்குத் தருதலும் கூடாது என்று அவற்றை ஆக்கியோர் விதித்துள்ளனர். ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனு திட்டம் இதற்கு மாறானது. எப்பயனுக்கும் இயக்கலாம், உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதனையும் வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளை அது பயன்படுத்துவோர்க்கு நல்கியது. கிம்ப் இத்திட்டத்தின் உரிமத்தின்கீழ் வழங்குவது.

அவ்வுரிமத்தில் ஒரு விதி உண்டு. பிறர் எழுதிய நிரலை ஒருவர் மாற்றி வெளியிட விரும்பின் தாராளமாக மாற்றலாம். ஆனால், தாம் மாற்றியதனையும் மாற்றிய நாளையும் எல்லார்க்கும் தெரியக் குறித்தல் வேண்டும். மூலநிரலையும் உடன் தருதல் வேண்டும். மாற்றுதற்குத் தடையில்லை, மறைத்தற்கே தடை. இவ்விதியைச் சட்ட நூலில் உறங்கவிடாது வகுப்பறைக்குக் கொண்டுவருதல் ஆசிரியர் கடமை. படத்தை மாற்றும் மாணவனுக்கும் இதனினும் சிறந்த விதி வேறு யாது வேண்டும்?

கருவி எதுவாயினும் ஆகுக என்போர்க்கு இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். பெரும்பொருள் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்துத் திருட்டுப் படியாக நிறுவிக்கொண்டு, அதனைக் கொண்டே பாடம் நடத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்துள்ளது. ஆசிரியர் நல்லெண்ணத்தாலேயே அவ்வாறு செய்கின்றார். தம் பிள்ளைகள் பிறரினும் பின்தங்கிவிடலாகாது என்பதே அவர் கருத்து. எனினும், கரும்பலகையில் நேர்மை என்று எழுதிவிட்டு, அதன் அருகிலுள்ள கணினியில் களவுப்பொருளை இயக்கினால், மாணவன் கரும்பலகையைவிடக் கணினியையே நம்புவான். மேலும், அம்மாணவன் வீட்டிலும் பயில விரும்பினால் அவனும் அக்களவையே செய்தல் வேண்டும். கட்டற்ற மென்பொருளை ஆசிரியர் தம் கையாலேயே படியெடுத்து மாணவனுக்குத் தரலாம். ஏழை மாணவன் தலைகுனியாது பெற்றுச் செல்லலாம்.

இனி, வகுப்பில் நிகழ்வது யாது? முதல் நாளில் மாணவர் ஒரு படத்தைத் திறந்து, அதனை எட்டு மடங்கு, பதினாறு மடங்கு எனப் பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். வேப்பமரம் இலைகளாகும்; இலைகள் பச்சைத் திட்டுகளாகும்; திட்டுகள் இறுதியில் சிறு சிறு சதுரங்களாகும். பிக்சல் எனப்படும் அச்சதுரம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளிக்கும் பொதுவாக 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. மூன்றனையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கும். படம் என்பது எண்களின் வரிசை என்பதை மாணவன் அன்று தன் கண்ணாலேயே காண்கின்றான். எண்களை மாற்றினால் படம் மாறும் என்பதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து, அவ்வூர்க் கோயிற் சுவரிலோ ஏரி மதகிலோ உள்ள கல்வெட்டு ஒன்றனைப் படம் பிடித்து வரச் செய்யலாம். மழையாலும் வெயிலாலும் தேய்ந்த எழுத்துகள் படத்தில் கல்லோடு கல்லாய் மறைந்து நிற்கும். ஒளியையும் நிழலையும் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டுக் கருவியால், மங்கிய இடத்திற்கும் அதனைச் சூழ்ந்த இடத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே விரிவாக்கினால், ககரமும் மகரமும் ஒவ்வொன்றாய் எழுந்து நிற்கும். அவ்வேளையில் வகுப்பில் எழும் ஆரவாரத்தை அடக்குதல் ஆசிரியர்க்குச் சிறிது கடினமே. இங்குப் புதிய எழுத்து எதுவும் சேர்க்கப்படவில்லை. இருந்தது விளங்கிற்று, அவ்வளவே. ஓலைச்சுவடிகளைப் போற்றிய முன்னோர் கரியையும் பச்சிலைச் சாற்றையும் ஏட்டின்மீது தடவி எழுத்தை விளக்கியதும் இதுவே. திருத்தல் என்னும் சொல்லுக்கு உரிய பொருள் இதனினும் தெளிவாக வேறொன்றிற் காணல் அரிது.

ஆனால், அக்கல்வெட்டில் ஓரிடம் முற்றும் சிதைந்துபோயிருக்கும். சிதைந்த இடத்தில் அயலிலுள்ள கல்லின் தோற்றத்தையே எடுத்துப் பரப்பி வடு தெரியாமல் மூடும் கருவியும் கிம்பில் உண்டு. வேறோரிடத்து எழுத்தைப் பெயர்த்து அங்கே பதிக்கும் கருவியும் உண்டு. இரண்டும் கண்ணுக்கு இனியவை. மாணவன் அவற்றை எடுத்து ஆண்டுக்கொள்ள விரும்புவான். இங்கேதான் ஆசிரியர் அவன் கையைப் பிடித்து நிறுத்தித் தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை எடுத்துரைத்தல் வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சிற் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகச் சென்று தேடி, ஒரு சுவடியோடு மற்றொரு சுவடியை ஒப்புநோக்கிப் பாடங்களை ஆராய்ந்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் சீர்களும் அடிகளும் சிதைந்திருந்தன. அவ்விடங்களில் அவர் செய்தது யாது? சிதைந்த இடத்தைச் சிதைந்த இடம் என்று காட்டப் புள்ளியிட்டு விட்டுச் சென்றார். செய்யுள் இயற்றும் ஆற்றல் அவர்க்கு இல்லாமலில்லை. ஓர் அடியையோ இரண்டு சீரையோ ஓசை கெடாமல் புனைந்து அங்கே பெய்திருப்பின், அந்நாளில் அதனைக் கண்டுபிடிப்பார் எத்தனை பேர் இருந்திருப்பர்? புள்ளியிட்டு விட்டமையால், பின்வருவோர் ஆராய்ச்சிக்கும் இடம் கிடைத்தது. எஞ்சிய அடிகளை ஐயமின்றி ஏற்கும் துணிவும் கிடைத்தது. புள்ளியிட்ட இடங்களே, புள்ளியிடாத இடங்களுக்குச் சான்று. கல்வெட்டுப் படத்தில் சிதைந்த இடத்தை மூடாது விடும் மாணவன் இம்மரபிற்கே உரியவன் ஆகின்றான்.

இவ்வாறாயின், ஒன்றை நீக்குதலும் சேர்த்தலும் எஞ்ஞான்றும் திரித்தல்தானோ என்னும் வினா எழும். அன்று. பள்ளி முற்றத்து மரத்தின் குறுக்கே மின்கம்பி ஒன்று செல்கின்றது. பொங்கல் வாழ்த்து அட்டைக்காக அம்மரத்தைப் படம் பிடித்த மாணவி அக்கம்பியை நீக்கிவிடுகின்றாள். யாரும் ஏமாறவில்லை, வாழ்த்து அட்டையை மின்வாரியத்தின் ஆவணமாகக் கொள்வார் இலர். அக்கம்பி தாழ்ந்து தொங்கி ஆபத்து விளைக்கின்றது என்று செய்தித்தாளில் ஒருவர் எழுத, அவ்வாறு இல்லை என்று மறுத்தற்பொருட்டு அதே படத்தைப் பள்ளி வெளியிடுமாயின், அப்பொழுது நிலைமை யாது? செயல் ஒன்றே, கருவி ஒன்றே, கை ஒன்றே. படத்தைக் காண்பார்க்கு அளிக்கும் உறுதி வேறாதலின், திருத்தல் திரித்தலாய் மாறிவிடுகின்றது. இதனை விதியாக எழுதி மனப்பாடம் செய்வித்தலிற் பயனில்லை. பத்துப் படங்களை முன்வைத்து, இது திருத்தலா, திரித்தலா என்று மாணவரை வாதிடச் செய்தல் வேண்டும். வாதம் முடியாமலே மணி அடித்துவிடுமாயின், அந்த வகுப்பு நன்றாகவே நடைபெற்றது என்று கொள்ளலாம்.

வாதத்திற்கு உரிய படங்களுக்கு உலக வரலாற்றிற் பஞ்சமில்லை. நேஷனல் ஜியாகிராபிக் என்னும் அமெரிக்க இதழ் 1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எகிப்து நாட்டுக் கீசாவிலுள்ள பிரமிடுகளின் படத்தை அட்டையில் வெளியிட்டது. எடுத்த படம் அகலமானது, அட்டையோ நெடியது. அட்டைக்குள் அடங்குதற்காகப் பிரமிடுகளைக் கணினியால் ஒன்றற்கொன்று நெருக்கி வைத்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நகராத கற்கோபுரங்கள் அச்சகத்தில் நகர்ந்தன! யாருக்கும் கேடு விளையவில்லை என்று சொல்லலாம். ஆனால், உலக நாடுகளை உள்ளவாறு காட்டுவதே தொழிலாகக் கொண்ட இதழ் அவ்வாறு செய்தது தகுமா என்று நெடுநாள் பலர் வாதிட்டனர். மற்றொன்று அரசியல் பற்றியது. சோவியத் நாட்டில் ஸ்டாலினோடு கால்வாய்க் கரையில் நின்ற படத்தில் இருந்த நிகோலாய் எழோவ் என்னும் அதிகாரி, 1940ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீரே தோன்றுமாறு அப்படம் பின்னர் மாற்றி வெளியிடப்பட்டது. அக்காலத்தில் கணினி ஏது? கத்தியும் தூரிகையும் கொண்டே ஒரு மனிதனைப் படத்தினின்றும் அழித்தனர்.

படத்தை வெட்டி ஒட்டக் கற்பித்தல் பிள்ளைகளுக்குப் பொய் கற்பித்தல் ஆகாதோ என்று அஞ்சும் பெற்றோர்க்கு இதுவே விடை. பொய் செய்ய விரும்பினார்க்குக் கருவி எக்காலத்தும் கிடைத்தே வந்துள்ளது. பொய்யைக் கண்டுகொள்ளும் கண்தான் அரிது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், லெபனான் நாட்டின் தலைநகராகிய பெய்ரூத்தில் குண்டு வீழ்ந்த செய்தியோடு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு படத்தை வெளியிட்டது. நகரின்மேல் கரும்புகை திரண்டு எழுந்திருந்தது. அப்புகையில் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருதலைப் பொதுமக்களிற் சிலர் கண்டு சுட்டிக்காட்டினர். புகையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் பல இடங்களிற் பதித்துப் புகையைப் பெருக்கியிருந்தமை வெளிப்பட்டது. அந்நிறுவனம் அப்படத்தையும், அப்படம் எடுத்தவர் முன்னர் அளித்த 920 படங்களையும் விலக்கிவிட்டது. இயற்கையிலெழும் புகை தன் வடிவத்தைத் தானே படியெடுத்துக்கொள்ளாது. அக்கருவியைத் தன் கையால் ஒருநாளேனும் இயக்கிய மாணவன் அம்முத்திரைத் தடத்தை எங்குக் கண்டாலும் அறிவான். இயக்காதவன் புகையை மட்டுமே காண்பான்.

இக்காலத்தில் மற்றொரு தடையும் எழுப்புவர். சொற்களால் ஏவிய அளவிலேயே இல்லாத படத்தை உண்டாக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி ஒவ்வொரு சதுரமாய்த் திருத்தக் கற்பானேன் என்பர். எண்ணிக் கூட்டும் கருவி வந்த பின்னும் வாய்பாடு வேண்டுவதே போல இதுவும் வேண்டுவதே என்று விடை கூறலாம். ஆனால் அவ்விடை முழுமையாகாது. நிழல் எத்திசையில் விழவேண்டும், ஒளி எங்கே படவேண்டும் என்று கையால் பயின்ற கண், பொய்ப்படங்கள் சிலவற்றைக் கண்டுபிடிக்கும், எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. இயந்திரம் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்று வருகின்றது. ஆதலின், கண் தோற்குமிடத்தில் கைகொடுக்கும் வழக்கம் ஒன்று வேண்டும். இப்படத்தின் மூலம் எங்கே, எடுத்தவர் யார், எந்நாளில் எடுத்தார் என்று கேட்கும் வழக்கமே அது. சுவடி ஆராய்வோர் மூலத்தைக் கேட்டனர். மென்பொருள் எழுதுவோர் மூலநிரலைக் கேட்கின்றனர். படம் காண்போரும் கேட்டல் தகும்.

இனிக் கூறப்போவது மாணவர் தம்முள் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி. உடன் பயிலும் ஒருவரது முகத்தைப் படத்தினின்றும் பெயர்த்து, விலங்கின் உடலிலோ இழிந்த கோலத்திலோ ஒட்டி நகையாடுதலைச் சிலர் விளையாட்டென்று கருதுகின்றனர். செய்தவன் மறுநாள் மறந்துவிடுவான். செய்யப்பட்டவள் பள்ளிக்கு வருதலையே நிறுத்திவிடுதல் கூடும். வாயாற் சொன்ன பழி அவ்வூர் எல்லையில் நின்றுவிடும். படமாகச் செய்த பழிக்கு எல்லை இல்லை. அழித்தற்கும் வழி இல்லை. இழிபொருளான படங்களைக் கணினி வழியாகப் பரப்புதல் இந்நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை அஞ்சி விலகுவோர் விலகுக. வகுப்பறையில் அதனினும் முற்பட்ட ஒரு கட்டுப்பாடு வேண்டும். தன் முகத்தை எவ்வாறு வேண்டுமானாலும் மாணவன் மாற்றிக்கொள்ளட்டும், மீசை வைத்துக்கொள்ளட்டும், யானைக்காது பொருத்திக்கொள்ளட்டும். பிறர் முகத்தில் அவர் இசைவின்றி ஒரு சதுரத்தையும் தொடலாகாது. இதில் ஆசிரியர் சிறிதும் நெகிழ்தல் கூடாது. படத்திருத்தப் பயிற்சியைத் தனியறையில் கைபேசியினின்றும் கற்பதைவிட, நாற்பது பேர் கூடிய வகுப்பில், முகத்துக்கு உரியவரும் உடனிருக்கக் கற்பதன் சிறப்பு இதுவே.

பெயரைப்பற்றியும் ஒரு சொல். கிம்ப் என்பது முதலில் அப்பெயரின் ஆங்கிலத் தொடரிலுள்ள முதலெழுத்துகளாற் பிறந்தது. ஆயினும், ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல் மாற்றுத்திறன் உடையாரை இழித்துரைக்கும் சொல்லாகவும் உள்ளது. பள்ளிகளில் வழங்குதற்கு அது தகாது என்று கருதிய சிலர், 2019ஆம் ஆண்டில் அதே நிரலை எடுத்துக் கிளிம்ப்ஸ் என்னும் பெயரில் தனியே வெளியிட்டனர். ஆள்வலி போதாமையால் 2021ஆம் ஆண்டில் அம்முயற்சி நின்றது. எனினும், பெயர் பிடிக்காதார் பெயரை மாற்றிக்கொண்டு பிரிந்து செல்லவும் இடந்தரும் கருவி இது. மென்பொருளைப் பூட்டிவைத்து விலைக்கு விற்கும் நிறுவனங்கள் இத்தகைய உரிமையைத் தருவதில்லை.

அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பிறிதொரு மென்பொருளே வழங்குதலின், கிம்ப் கற்றவர்க்கு வேலை கிடைக்குமா என்று வினவுதலும் உண்டு. இவ்வினாவை எள்ளுதல் தகாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமன்றோ? அச்சுத்தொழிலுக்குரிய நான்கு மை நிறமுறையில் கிம்ப் நெடுங்காலம் குறைபாடு உடையதாகவே இருந்து வந்தது என்பதும் உண்மை. ஆனால், பள்ளி கற்பிக்கவேண்டுவது பொத்தான்களின் இடத்தை அன்று. அடுக்குகளைப் பிரித்தல், வேண்டிய பகுதியை மட்டும் தேர்தல், ஒளியை அளந்து கூட்டல் ஆகிய அடிப்படைகள் இக்கருவிகள் அனைத்திற்கும் பொது. ஒரு மாட்டை ஓட்டக் கற்றவன் மறு மாட்டையும் ஓட்டுவான். கொம்பின் வளைவு மட்டுமே வேறு. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 2001ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் காலப்போக்கில் கட்டற்ற மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டது. கிம்பும் அங்குப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது. அங்குப் பயின்றோர் வேலையின்றி வாடினர் என்று கூறுவார் இலர்.

கிம்பின் அமைப்பிலேயே வகுப்பிற்கு உதவும் பண்பு ஒன்று உள்ளது. படத்தின்மேல் செய்யும் மாற்றங்களை மெல்லிய கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போலத் தனித்தனி அடுக்குகளிற் செய்யலாம். அடியிலுள்ள மூலப்படம் சிதையாது கிடக்கும். 2012ஆம் ஆண்டில் வந்த பதிப்பு முதல், சேமித்தல் என்னும் கட்டளை அடுக்குகளோடு கூடிய எக்ஸ்.சி.எஃப். என்னும் வடிவத்திலேயே படத்தைச் சேமிக்கும். அடுக்குகளை ஒன்றாக்கிப் பிறர்க்கு அனுப்பும் படத்தை ஏற்றுமதி என்னும் வேறொரு கட்டளையால் ஆக்குதல் வேண்டும். பழகியோர் பலர் இம்மாற்றத்தைக் குறைகூறினர். ஒரு வேலைக்கு இரண்டு கட்டளையா என்றனர். ஆசிரியர்க்கோ இது பெரும்பேறு. மாணவன் ஒப்படைக்கும் கோப்பில் மேலடுக்கை மறைத்தால் கீழடுக்குத் தோன்றும். எதனை நீக்கினான், எதனைச் சேர்த்தான் என்பது ஒவ்வொன்றாய் விளங்கும். 2025ஆம் ஆண்டின் பதிப்பில், நிறத்தையும் தெளிவையும் மாற்றும் செயல்களைக்கூட மூலத்தை அழிக்காமலே அதன்மேல் ஏற்றி வைத்துப் பின்னர் மாற்றிக்கொள்ள வழி செய்துள்ளனர்.

இப்பயிற்சியைத் தொடங்கும் பள்ளி, ஆண்டு மலரில் வெளியிடும் படங்களிலிருந்தே அதனை நடைமுறைக்குக் கொண்டுவரலாம். மாணவர் திருத்திய படம் ஒவ்வொன்றன் கீழும் சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சிடுதல் போதும்: ஒளி கூட்டப்பட்டது, இடப்பக்கம் வெட்டப்பட்டது, மின்கம்பி நீக்கப்பட்டது, திருத்தியவர் இன்னார், நாள் இன்னது. மூலப்படத்தையும் அடுக்குகளோடு கூடிய கோப்பையும் பள்ளிக் கணினியில் அவ்வாண்டின் பெயரிட்ட உறையில் வைத்து, கேட்பார் எவர்க்கும் காட்டலாம்.